டோஃபுக்காரர் வீட்டு ஈர மெத்தை

தாக் கில்மானைப் போல் சுறுசுறுப்பான ஆள் அந்த ஆற்றங்கரைத் தெருவில் கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். சேவல் விழிக்கும் முன்பே எழுந்து, ஊறவைத்த சோயாவை அரைத்து, பால் காய்ச்சி, டோஃபு கட்டி, ஊர் கண்ணைத் திறக்கும்போது தள்ளுவண்டியில் மணியடித்துக்கொண்டு வந்து நிற்பார். தூங்குமூஞ்சிப் பிள்ளைகளை எழுப்ப அம்மாக்கள் அவர் பெயரைத்தான் எடுப்பார்கள். "டோஃபுக்காரரு பாதி நாள் வேலைய முடிச்சிட்டு நிக்கறாரு, நீ இன்னும் சுருண்டு கெடக்க" என்று. சியோலில் ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷம் வட்டார அலுவலகத்தில் அவரைக் கூப்பிட்டு, சிறந்த உழைப்பாளி என்று ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். அதை வாங்கும்போது அவர் முகம் சுருங்கியது. அடக்கமான மனிதர் என்று ஊர் அதற்கும் ஒரு பாராட்டைச் சேர்த்துக்கொண்டது.

அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கில்மான் இருட்டில் எழப் பழகியது உழைப்பதற்காக அல்ல. படுக்கை நனைந்திருக்கிறதா என்று மற்றவர்கள் விழிப்பதற்கு முன்னால் தடவிப் பார்ப்பதற்காக. அந்தப் பழக்கம் சிறுவயதில் ஒட்டிக்கொண்டது, பிறகு போகவில்லை. எப்படியும் விழிப்பு வந்துவிடுகிறது, சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்றுதான் டோஃபுத் தொழிலுக்கே வந்தார்.

அவர் பிறந்த மலையடிவாரத்து வீட்டில் ஆண்பிள்ளைகள் நான்கு பேர். அடியில் கணப்பு மூட்டிச் சூடேற்றிய தரையில் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே மெத்தை, ஒரே போர்வை. கில்மான் கடைக்குட்டி. அவன் நனைத்தால் நான்கு பேரும் நனைய வேண்டும். அண்ணன்மார் உதைத்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்து மெத்தையைத் துவைப்பதும் லேசான வேலை இல்லை. உறையின் தையலைப் பிரித்து, ஓடையில் துவைத்து, கஞ்சி போட்டு, காய்ந்ததும் கட்டையால் தட்டி மடிப்பெடுத்து, மறுபடி சுற்றிலும் தைக்க வேண்டும். குளிர்காலத்தில் ஓடையின் பனிக்கட்டியை உடைத்துத்தான் துணியை நனைக்கவே முடியும். அம்மா கெட்டவள் இல்லை. கை வெடித்து ரத்தம் வந்தால் எந்த அம்மாவும் கொஞ்சம் கெட்டவளாகத்தான் ஆவாள்.

அவனுக்கு எட்டு வயதிருக்கும்போது, ஊர் வழக்கப்படி, தலையில் முறத்தைக் கவிழ்த்து, கையில் சுரைக்குடுக்கையைக் கொடுத்து, பக்கத்து வீடுகளில் உப்பு வாங்கிவரச் சொன்னாள். படுக்கையை நனைத்த பிள்ளை அப்படி வந்து நின்றால் உப்பைப் போட்டு, முறத்தின் மேல் அகப்பையால் இரண்டு தட்டுத் தட்டி, "இனிமே பெய்வியா?" என்று அதட்ட வேண்டும். அது பெண்களுக்கெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. வெட்கத்தில் பிள்ளைக்குத் தானாக நின்றுவிடும் என்பது கணக்கு. அன்று ராத்திரி கில்மான் பயத்தில் தூங்காமலே கிடந்தான். விடியும் நேரத்தில் லேசாகக் கண் அசந்தது. அசந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நனைத்துவிட்டான்.

பதினாலாவது வயதில் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். இடுப்பைச் சுற்றி வைக்கோல் கயிற்றைக் கட்டி, முடிச்சை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டான், மல்லாந்து படுத்தால் குத்தி எழுப்பட்டும் என்று. தலைக்குக் கல். ராத்திரிச் சோறு பாதி வயிற்றோடு சரி. அந்த வருஷமே நின்றுவிட்டது. மன உறுதியால் நிறுத்தினோம் என்று அவன் நம்பினான். நம்பாமல் என்ன செய்வான். படிப்பு ஏறவில்லை, நிலம் மூத்த அண்ணனுக்குப் போனது. கில்மான் வாழ்க்கையில் எதையாவது ஜெயித்தான் என்றால் அது அந்த ஒன்றைத்தான். அதையும் வெளியே சொல்லிப் பெருமைப்பட முடியாது என்பதுதான் கொடுமை.

நின்ற பிறகும் அவருக்குத் தன்மேல் நம்பிக்கை வரவில்லை. பட்டாளத்தில் மற்றவர்கள் தூக்கத்துக்கு அலைந்தபோது இவர் பின்னிரவுக் காவலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேலதிகாரி பாராட்டினார். கல்யாணமாகி மாமியார் வீட்டில் தங்கிய ராத்திரிகளில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். மாப்பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று மாமியார் அந்த ஊரையே கூட்டிச் சொன்னாள். மனிதர் எங்கே போனாலும் நல்ல பேர் துரத்திக்கொண்டு வந்தது.

மனைவி போங்சிம்முக்கு இதில் எதுவும் தெரியாது. அவள் கறாரான, வெளிப்படையான மனுஷி. டோஃபு உடைந்திருந்தால் வாங்க வந்தவர்களிடம் அவளே சொல்லிவிடுவாள். ஒரே மகள் ஸொல்மி. மூன்றாம் வகுப்பு, ஒன்பது வயது, வாய் கொஞ்சம் நீளம். அவளும் படுக்கையை நனைத்தாள். குழந்தையாக இருக்கும்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. பள்ளிக்கூடம் போன பிறகும் நிற்காதபோதுதான் போங்சிம் முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

"மனசு வெச்சா முடியும்" என்பார் கில்மான். அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டார். எப்படித் தெரியும் என்றும் சொல்ல மாட்டார். ஒவ்வொரு ஈரக் காலையிலும் மகளிடம் அதையே சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். ஸொல்மி மனசை வைத்தாள். எங்கே வைப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

போங்சிம் கைவைத்தியத்தில் இறங்கினாள். கூரையோரம் கட்டி உலர்த்திய பெர்சிமன் பழம் வீட்டில் நிறைய இருந்தது. அது வயிற்றைக் கட்டும் என்பது ஊருக்கே தெரியும். வயிற்றுப்போக்கு வந்தால் அதைத்தான் கொடுப்பார்கள். பின்பக்கத்தைக் கட்டுகிற பழம் முன்பக்கத்தைக் கட்டாதா என்பது போங்சிம்மின் நியாயம். சாயங்காலமானால் மகளுக்குத் தட்டு நிறையப் பழம். அதன் தித்திப்பு திகட்டியதும், தொண்டை இறங்க ஒரு குவளை பார்லித் தண்ணீர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்பும் காரமுமாக, கிம்ச்சி என்கிற முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்ட சாறு, அதன் தாகத்துக்கு இன்னொரு குவளை. ஸொல்மி முன்னைவிட அதிகமாக நனைத்தாள்.

வசந்தத்தின் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து கடற்கரை முகாமுக்குக் கூட்டிப்போவதாக அறிவித்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் வரிசையாகப் படுத்துத் தூங்க வேண்டும். ஸொல்மி கடலைப் பார்த்ததே இல்லை. முன்பெல்லாம் தொலைக்காட்சியில் கடல் வந்தால் திரையை ஒட்டிப் போய் உட்கார்ந்துகொள்வாள். இப்போது முகாமுக்குப் போகவில்லை என்று அவளாகவே சொல்லிவிட்டாள்.

"ஏண்டி, ஆசைப்பட்டியே?" என்றாள் போங்சிம்.

"கடல்ல என்னம்மா இருக்கு? உப்புத் தண்ணிதானே. அது நம்ம மெத்தைலயே இருக்கு."

போங்சிம்முக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கில்மானுக்கு வரவில்லை. இதே மாதிரி தன்னையே கேலி செய்துகொள்ளப் பழகியவன் ஒருவனை அவருக்குத் தெரியும். மறுநாள் வியாபாரம் முடிந்ததும் அவரே இருவரையும் கூட்டிக்கொண்டு ஜில்லாத் தலைநகரில் இருந்த குழந்தை மருத்துவரிடம் போனார்.

மருத்துவர் இளவயதுப் பெண். நனைப்பதைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், முதலில் வெளிக்குப் போவதைப் பற்றிக் கேட்டார். ஸொல்மி உதட்டைக் கடித்துக்கொண்டு, மூன்று நாளுக்கோ நான்கு நாளுக்கோ ஒரு தரம் என்றாள். வயிற்றை அமுக்கிப் பார்த்த மருத்துவர் திரும்பினார்.

"பெர்சிமன் குடுத்தீங்களா?"

"கட்டும்னு குடுத்தேன் டாக்டர்" என்றாள் போங்சிம்.

"நல்லாவே கட்டியிருக்கு. குடல் ரொம்பிக் கெட்டியாயிட்டா, பக்கத்துல இருக்கற மூத்திரப் பையைப் போட்டு அமுக்கும். அது பாவம், கொஞ்சம் சேர்ந்தாலே தாங்காது. பழத்த நிறுத்துங்க. கீரை, காய், கிழங்கு குடுங்க. தண்ணிய நிறுத்தாதீங்க, ஆனா காலைலயும் மத்தியானமும் நெறைய குடிக்கட்டும், சாயங்காலத்துக்கு மேல கொறச்சுக்கட்டும். ராத்திரில உப்புச் சாறு வேண்டாம். படுக்கப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு தரம், படுக்கறப்ப ஒரு தரம், ரெண்டு தடவ ஒண்ணுக்குப் போயிட்டு வரட்டும். பகல்லயும் அடக்கி வெக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துல அடக்கறியா?"

ஸொல்மி தலையாட்டினாள். பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் அப்படி.

போங்சிம் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "அது சரி டாக்டர். இவளுக்கு மட்டும் ஏன் இப்படி? இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேங்கறா."

"அதான் காரணமே. பை நெறஞ்சா மூளைக்குத் தகவல் போகணும், மூளை எழுப்பணும். இவ தூக்கம் ஆழம், தகவல் போய்ச் சேரல. இன்னொண்ணு, ராத்திரில மூத்திரத்தக் கொறச்சுச் சுரக்கச் சொல்லி ஒடம்புல ஒரு சுரப்பு உண்டு. சில பிள்ளைங்களுக்கு அது தாமதமா வேலைய ஆரம்பிக்கும். அதுவரைக்கும் ராத்திரியும் பகல் மாதிரியே ரொம்பிக்கிட்டிருக்கும். பிள்ளை மேல தப்பே இல்ல."

அதுவரை வாய் திறக்காத கில்மான் கேட்டார். "மனசு வெச்சா நிக்காதா டாக்டர்?"

"தூங்கற பிள்ளைக்கு மனச எங்கேருந்து வைக்கறது? பல்லு விழுந்து மொளைக்கறதுக்கு மனசா வைக்கறோம்? பெரும்பாலும் வளர வளரத் தானா நின்னுடும். ரொம்ப நாள் நிக்கலேன்னா, ஈரம் பட்டதும் மணியடிச்சு எழுப்பற கருவி இருக்கு, மருந்தும் இருக்கு. அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். திட்டறது மட்டும் கூடாது."

கில்மானுக்குக் கோபம் வந்தது. தானா நின்னுடுமாம். அந்த வைக்கோல் கயிறு, கல் தலையணை, பாதி வயிறு, எல்லாம் எதற்கு? அவர் ஜெயித்த ஒரே சண்டையில் எதிரில் ஆளே இல்லை என்கிறார் இந்தப் பெண். பையில் வைத்திருந்ததைப் பட்டப்பகலில் யாரோ உருவிக்கொண்டு போன மாதிரி இருந்தது அவருக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் மருத்துவர் அதைக் கேட்டார். "இது குடும்பத்துல ஓடற விஷயம். அப்பா அம்மா யாருக்காவது சின்ன வயசுல இருந்திருக்கா?"

"எங்க வீட்ல ஒருத்தருக்கும் கெடையாது" என்றாள் போங்சிம் உடனே. பிறகு புருஷனைப் பார்த்தாள். மருத்துவரும் பார்த்தார். ஸொல்மி மருத்துவரின் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றார் கில்மான்.

பேருந்தில் திரும்பி வரும்போது போங்சிம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "டாக்டர் சொல்றது மத்த பிள்ளைங்களுக்குச் சரிதான். குடும்பத்துல ஓடும்னாங்க. எங்க பக்கமும் இல்ல, உங்க பக்கமும் இல்ல. அப்ப இவளுது வெறும் சோம்பேறித்தனம்தான்." முன் இருக்கையில் ஸொல்மியின் பின்னங்கழுத்து தெரிந்தது. அது அவள் காதில் விழுந்தது என்பது கில்மானுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வேண்டும் என்று தோன்றிய ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஏறினார்கள். வீடும் வந்துவிட்டது.

பழத்தை நிறுத்தினார்கள். ராத்திரிச் சாறும் நின்றது. மருத்துவர் சொன்னபடி ஸொல்மி காலையிலேயே தண்ணீரைக் குடித்தாள், பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்வந்தாள். வயிறு சரியானதும் உலர்ந்த காலைகள் வர ஆரம்பித்தன. முதலில் எப்போதாவது, பிறகு அடிக்கடி. ஒரு வாரம் முழுக்க நனையாமல் இருந்தது. போங்சிம் முகாமுக்குப் பேர் கொடுத்துவிடலாம் என்றாள். ஸொல்மியும் மறுக்கவில்லை. பேர் கொடுத்து வந்த மறுநாள் காலையில் மெத்தை தொப்பலாக நனைந்திருந்தது.

போங்சிம்முக்குப் பொறுமை போய்விட்டது. கை நிறைய வேலை, மெத்தை ஒரு பக்கம், முகாம் ஒரு பக்கம். சோயா புடைக்கிற முறம் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்தது. அதை எடுத்து மகள் தலையில் கவிழ்த்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். "போ. ஒக்சொன் அத்தைகிட்டப் போய் உப்பு வாங்கிட்டு வா. அப்பயாவது ரோஷம் வருதான்னு பாக்கறேன்."

ஒக்சொன் என்கிற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் தெரு முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். நாலு வீடு தள்ளி நூடுல்ஸ் கடை வைத்திருந்தாள். புருஷன் இறந்து வெகு காலம். அவள் வாயில் விழுந்து எழுந்தால் ஒரு மாதத்துக்குத் தெருவில் அதுதான் பேச்சு.

கில்மான் தெருவுக்குள் வண்டியைத் திருப்பியபோது கடை வாசலில் கூட்டம் மாதிரி தெரிந்தது. வேலைக்குப் போகிறவர்கள் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி வெளியே வந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒக்சொன்காரி கையில் அகப்பை. அவளுக்கு முன்னால் ஒரு பெரிய முறம், அதன் கீழே இரண்டு சின்னக் கால்கள். கால்களில் தன் பெண்ணின் செருப்பு. வெட்கம் தாங்கவில்லை. மகளை நினைத்து அல்ல, தன்னை நினைத்து. டோஃபு விற்காமல் பாதி மீந்திருந்த வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு நடந்தார்.

முறத்தைத் தூக்கினார். ஸொல்மி அழவில்லை. அங்கே இல்லாத மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த முறத்தைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மகள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி நீட்டினார்.

"அக்கா, உப்பு போடுங்க."

ஒக்சொன்காரி அகப்பையை இறக்கினாள். "என்ன டோஃபுக்காரரே, காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டீங்களா?"

"குடிக்கல. இவகிட்ட இருக்கறது எங்கிட்டேருந்து போனது. பதினாலு வயசு வரைக்கும் நான் படுக்கைல பெஞ்சேன். உப்பு எனக்குத்தான் வரணும்."

கிண்ணங்களில் நூடுல்ஸ் ஆறியது. ஒருவரும் உறிஞ்சவில்லை. ஒக்சொன்காரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அகப்பையை ஓங்கி முறத்தின் மேல் ஒன்று போட்டாள், சும்மா இல்லை, நன்றாகவே.

"பதினாலா? கழுத வயசு." உள்ளே போய் ஒரு பிடி உப்பை அள்ளி வந்து கிண்ணத்தில் போட்டாள். "எங்க வீட்டுக்காரருக்குப் பதினஞ்சு. மனுஷன் போய்ச் சேந்துட்டாரு, இனிமே சொன்னா என்ன. எல்லாரும் உள்ள வந்து சாப்பிடுங்க, ஆறிப் போகுது."

வீட்டு வாசலில் போங்சிம் ஈர மெத்தையைக் கையில் ஏந்தியபடி நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"டாக்டர் கேட்டப்ப இல்லன்னீங்க."

"ஆமா."

"பொண்ணு பக்கத்துலதான் உக்காந்திருந்தா."

"ஆமா."

"அன்னிக்கு நீங்க வாயத் தொறந்திருந்தா நான் இவ தலைல இதக் கவுத்திருப்பேனா?" மகளைப் பார்த்தாள், பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். மெத்தையைக் கொண்டுவந்து அவர் மார்பில் திணித்தாள். "இத இனிமே நீங்க துவைங்க." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கில்மான் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து உறையைக் கழற்றினார். இப்போதெல்லாம் தைக்க வேண்டியதில்லை, ஜிப் வந்துவிட்டது. ஆனாலும் தண்ணீரில் நனைந்த உறை என்ன கனம் கனக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸொல்மி வந்து எதிரில் குந்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் அவர் கும்முவதையே பார்த்தாள்.

"அப்பா."

"ம்."

"நீங்க எப்படி நிறுத்தினீங்க?"

கயிறு வாய் வரைக்கும் வந்துவிட்டது. கல்லும் வந்தது. யாரிடமும் சொல்ல முடியாமல் இத்தனை வருஷம் வைத்திருந்த கதையைக் கேட்பதற்கு இப்போது ஒரு பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. சொன்னால் அப்பா பெரிய வீரர் என்று நம்பவும் நம்பும். அவர் உறையைத் தண்ணீருக்குள் அழுத்தினார்.

"நான் நிறுத்தலம்மா. தானா நின்னுச்சு."

"நீங்க ஒண்ணுமே பண்ணலியா?"

"என்னென்னவோ பண்ணேன். அதனால நிக்கல. வயசு வந்துச்சு, நின்னுச்சு."

ஸொல்மி அதை யோசித்தாள். பிறகு உறையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, முறுக்குங்கள் என்று கையால் காட்டினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது.

"நான் கடலுக்குப் போறேன்" என்றாள். "ஆனா டீச்சர்கிட்ட நீங்க வந்து சொல்லணும். என்னை ராத்திரில எழுப்பி விடச் சொல்லணும். எனக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சுன்னு, அதையும் சேத்துச் சொல்லணும்."

டீச்சர் அவரிடம்தான் டோஃபு வாங்குகிறாள். கேடயம் கொடுத்த விழாவில் அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசியவளும் அவள்தான்.

"சொல்றேன்" என்றார் கில்மான்.